நில்லாமல் போன சைக்கிள்

அன்று விடியக் கடற்கரையில் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் விளையாட்டுக் கழகத்தின் தலைவர் நின்றார். டீசல் இல்லாததால் தன் லொறியை முற்றத்தில் விட்டு, சில்லுகளுக்குக் கீழே கல் அடுக்கி வைத்திருந்தவர். கடலில் நீந்த இருந்த அண்ணை நின்றார். மீன்பிடிக் குடும்பம். தொழிலுக்குப் போகத் தடை வந்த பிறகு, கரையோடு நீந்துவது ஒன்றுதான் கடலில் அவருக்கு மிஞ்சியிருந்தது. சைக்கிள் ஓட இருந்தவன் நின்றான். அவன் என் வகுப்புத் தோழன். கடைசித் துண்டை ஓட இருந்த நான் நின்றேன். எங்கள் ஊரில் ஓடக்கூடிய சைக்கிள் வைத்திருந்த ஆண்கள் அநேகமாக எல்லாரும் போட்டி பார்க்கத் தங்கள் சைக்கிள்களோடு வந்து நின்றார்கள்.

வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் தோழனின் அக்கா. அவவுக்கு ஒன்பதாம் மாதம், வீட்டில் இருந்தா. மற்றவர் அவவுடைய மனிசன். நாங்கள் அத்தான் என்று கூப்பிடுகிறவர். கிளாலிக் கடலைத் தாண்டி வவுனியாவுக்குச் சாமான் எடுக்கப் போனவர், வாரக்கணக்காகியும் திரும்பி வரவில்லை.

அக்காவின் முதல் பிள்ளையை வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். அதனால் இந்த முறை கிளினிக்கில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள், பிள்ளைப்பேற்றுக் குத்து தொடங்கினால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது, உடனே கொண்டு வரவேண்டும் என்று. கொண்டு போகிற பொறுப்பு தம்பிக்காரன் தலையில் இருந்தது. பெற்றோல் என்ற சாமானை நாங்கள் மறந்து வருடங்களாகிவிட்டன. பிள்ளைத்தாச்சி என்றாலும் நோயாளி என்றாலும் சைக்கிள் கரியரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கரியருக்குத் தலையணை கட்டி, ஒருவர் உழக்க இன்னொருவர் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நடந்து போவார்கள். நாள் வைத்தபடி பார்த்தால் பிள்ளை பிறக்க இன்னும் இரண்டு கிழமை இருந்தது. அந்த இரண்டு கிழமையை நம்பித்தான் அவன் போட்டிக்கு ஓமென்று சொன்னான்.

போட்டி மூன்று துண்டு. கடலுக்குள் பாறை வரிசையாகக் கிடக்கிற கற்பாருக்கு உள்ளே, கரையோடு ஒரு மைல் நீச்சல். கற்பாருக்கு வெளியே நேவிக்காரனுக்குத் தலை தெரிந்தால் சுடுவான். பிறகு சைக்கிள்: கடற்கரையில் இருந்து உள்ளே போய், கரவெட்டிப் பக்கமாக வளைந்து, திரும்பவும் கடற்கரைக்கு. அப்படி இரண்டு சுற்று. அதன் பிறகு மரதன் மாதிரி ஒரு ஓட்டம், பருத்தித்துறைச் சந்தை வரையும். ஒரு கழகத்துக்கு மூன்று ஆள். கையில் கட்டின கைலேஞ்சித் துணியை ஒருவர் அவிழ்த்து மற்றவருக்குக் கட்டிவிட வேண்டும். குண்டு போடப் பொம்பர் வருகிற நேரத்துக்கு முன்னம் முடிக்கவேண்டும் என்பதால் விடியத் தொடங்கினார்கள்.

இப்படியொரு காலத்தில் இது என்ன விளையாட்டு என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள். மிச்சத்தில் பாதிப் பேர் துவக்குத் தூக்கப் போய்விட்டார்கள். இரண்டுக்கும் போகாமல் ஊரில் நின்றவர்களுக்கு, காலையில் எழும்பி எதற்காவது ஓடவேண்டியிருந்தது. என் அப்பா மற்றவர்களின் வெங்காயத் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் படிப்பை முடித்தவன் நான் ஒருவன்தான். சைக்கிள் வாங்க வழியில்லாததால் அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் ஓடித்தான் போய் வந்தேன். அப்படித்தான் நான் ஓட்டக்காரன் ஆனது.

எங்கள் சைக்கிளைப் பற்றிச் சொல்லவேண்டும். கழகத்துக்கென்று ஒரு சைக்கிளும் இல்லை. அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடையால் டயர், றிம், கம்பி ஒன்றும் வராது; வந்தாலும் எங்களால் வாங்க ஏலாது. ஒவ்வொரு கழகமும் ஊர்ச் சைக்கிள்களில் நல்ல நல்ல பாகமாகக் கழற்றி ஒன்றாகப் பூட்டித்தான் ஓடியது. எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டில் சைக்கிள் இருந்தது. என் தோழனுடையது பிறேம் நல்லது. தலைவருடைய சைக்கிளில் முன் சில்லும் செயினும் நல்லது. அதனால் அவன் சைக்கிளில் மட்காட், ஸ்ராண்ட், கரியர் எல்லாவற்றையும் பாரம் என்று கழற்றி அவன் வீட்டு மால் கொட்டிலில் வைத்துவிட்டு, தலைவரின் சில்லையும் செயினையும் போட்டோம். மூன்றாவது சைக்கிள் நீச்சல் அண்ணையுடையது. அது முழுசாக, கரியரோடு அவர் வீட்டில் நிற்கவேண்டும் என்பது ஏற்பாடு. ஏதும் அவசரம் வந்தால் அதில் அக்காவைக் கொண்டுபோகச் சொல்லி என் தோழன் அண்ணையின் மனிசியிடம் போய்க் கேட்டு, அவவும் ஓம் என்று சொல்லியிருந்தா.

போட்டிக்கு முதல்நாள் பின்னேரம் பழகும்போது பின் சில்லில் நாலைந்து கம்பி ஒன்றாகத் தெறித்தது. தலைவர் சில்லைச் சுழற்றிப் பார்த்தார், அது பாம்பு போல நெளிந்தது. பக்கத்தில் நின்ற நீச்சல் அண்ணை, "என்ரையைக் கழட்டுங்கோ" என்றார். கழற்றினோம். என் தோழன் அப்போது அங்கே இல்லை, சாப்பிடப் போயிருந்தான். திரும்பி வந்து புதுச் சில்லைத் தட்டிப் பார்த்து, காற்று நல்லாய் நிற்கிறது என்றான். யாருடையது என்று அவன் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. ஒளித்ததென்று இல்லை. நாளைக்கு மத்தியானம் திருப்பிப் பூட்டிவிடுவோம்தானே என்ற நினைப்பு. ஒழுங்கையில் மூன்று சைக்கிளும் சேர்ந்து ஒன்றாகிவிட்டன என்பது மூன்று வீட்டுக்காரருக்கும் உறைக்கவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அதற்கு முந்தின வருடப் போட்டியில் என் தோழன் முன்னுக்கு வந்துகொண்டிருந்தபோது, பக்கத்து ஊர்ச் சந்தியில் அவர்களுடைய கழகத்துப் பெடியள் ரோட்டில் இறங்கி மறித்தார்கள். "உன்ரை கொம்மா கிணத்துக்கை விழுந்திட்டா, நில்லடா" என்று கத்தினார்கள். அவன் பிறேக்கைப் பிடித்து, குதித்து இறங்கி, "எங்கை, எங்கை" என்று கேட்டிருக்கிறான். அவர்கள் சிரித்தார்கள். அதற்குள் அவர்களுடைய ஆள் தாண்டிப் போய்விட்டான். அந்த வருடம் முழுவதும் அவனைச் சந்தையில் கண்டால், கொம்மா ஏறி வந்திட்டாவோ என்று கேட்பார்கள். அவன் அவர்களுடைய சந்தியால் போவதையே விட்டிருந்தான்.

ஆகவே கடற்கரையில் தலைவர் அவனைத் தோளில் பிடித்துச் சொன்னார். "ஆர் மறிச்சாலும் நில்லாதை. உவங்கள் என்னத்தையும் சொல்லுவாங்கள். செத்த வீடு எண்டாலும் நில்லாதை. முடிச்சுப்போட்டு அழலாம்."

நீச்சல் அண்ணை உடம்புக்குத் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். "என்ரை மனிசி வந்து குறுக்கை நிண்டாலும் நில்லாதை. நான் வெல்லுறது அவவுக்குப் பிடிக்காது. உவங்கள் ஏதும் குடுத்தால் மறிக்கவும் வருவா" என்றார். எல்லாரும் சிரித்தோம். அவனும் சிரித்தான்.

பக்கத்து ஊர் நீச்சல்காரன் அண்ணையைப் பார்த்து, "என்ன, நீந்த வந்தனியளோ, குளிக்க வந்தனியளோ?" என்றான்.

"உனக்குத் துவாய் பிடிக்க வந்தனான்" என்று சொல்லிவிட்டு அண்ணை கடலில் இறங்கினார்.

அண்ணை இரண்டாவதாகக் கரையேறினார். கைலேஞ்சியைக் கட்டிக்கொண்டு என் தோழன் போனான். முதல் சுற்று முடிந்து கடற்கரைக்கு வந்து திரும்பியபோது அவன் முன்னுக்கு நின்றவனை எட்டிப் பிடித்திருந்தான். நாங்கள் தேசிக்காய்த் தண்ணீரை அவன் வாயில் ஊற்றினோம். பாதி கழுத்தால் வழிந்தது. நிற்காமலே குடித்துக்கொண்டு போனான்.

அவன் எங்கள் ஒழுங்கை வாசலை முதல் சுற்றில் தாண்டிய கையோடு அக்காவுக்குக் குத்து தொடங்கியிருக்கிறது. இதெல்லாம் வீட்டில் நின்றவர்கள் பிறகு எங்களுக்குச் சொன்னது. அவனுடைய அம்மா நீச்சல் அண்ணை வீட்டுப் படலைக்கு ஓடியிருக்கிறா. அங்கே சைக்கிள் பின் சில்லு இல்லாமல் மதிலோடு சாய்ந்து நின்றது. தலைவர் வீட்டுக்கு ஓடினால் அங்கே முன் சில்லும் இல்லை, செயினும் இல்லை. அடுத்த ஒழுங்கைகளில் பார்த்தார்கள். சைக்கிள் எல்லாம் கடற்கரையில். மாட்டு வண்டில் வைத்திருந்தவர் விறகுக்குப் போய்விட்டார். வீட்டில் நின்றது கிழவர்களும் பெண்களும்.

அப்போதே அக்காவைக் கதிரையில் இருத்தித் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டிருக்கலாம். ஆனால் யாரோ சொன்னார்கள், தம்பி இரண்டாம் சுற்று இப்போது வருவான்தானே, மறிப்பம், அவனுடைய சைக்கிளிலேயே கொண்டுபோகட்டும் என்று. அது நல்ல யோசனையாகத்தான் எல்லாருக்கும் பட்டிருக்கிறது. மாலில் கிடந்த கரியரையும் ஒரு ஸ்பானரையும் கொண்டுவந்து வேலிக்கரையில் வைத்தார்கள். அக்காவை வெளிக்கிடுத்தி முற்றத்தில் இருத்தினார்கள். தலையணையைக் கட்டக் கயிறும் எடுத்து வைத்தாயிற்று. அம்மா மகளோடு உள்ளே நின்றா. நீச்சல் அண்ணையின் மனிசி ரோட்டில் போய்ப் பார்த்துக்கொண்டு நின்றா. அப்படி அரை மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்தார்கள்.

அவன் வந்தான். அண்ணையின் மனிசி நடு ரோட்டில் இறங்கி இரண்டு கையையும் தூக்கினா. பின்னுக்கு நின்றவர்களும் கத்தினார்கள். எங்கள் ஊரில் ஓட்டக்காரர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கத்துகிறது வழக்கம், முதல் சுற்றிலும் அப்படித்தான் கத்தினார்கள். அவன் தலையை நிமிர்த்தி அவவைப் பார்த்திருக்கிறான். பிறகு ஹாண்டிலை ஒடித்து, அவவைச் சுற்றிக்கொண்டு, ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டான். சிரித்துக்கொண்டு போனான் என்று அவ சொன்னா.

கடற்கரைக்கு அவன் முதலாவதாக வந்தான். நெஞ்சு அடித்துக்கொண்டு நிற்க, கைலேஞ்சியை என் கையில் முடிந்தான். "ஓடடா" என்றான். அவ்வளவுதான். பார்க்க வந்தவர்கள் முடிவைப் பார்க்கக் கடற்கரை ரோட்டால் சைக்கிள்களில் முன்னமே சந்தைக்குப் போயிருந்தார்கள். நான் ஓடத் தொடங்கிக் கொஞ்சத்தில், எங்கள் ஒழுங்கையிலிருந்து ஓடி வந்த ஒரு வயதுபோனவர் எனக்கு எதிரே வந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடற்கரையைப் பார்த்துப் போனார். பொம்பர் வருகிறதாக்கும் என்று நான் வானத்தைப் பார்த்தேன்.

பிறகு எனக்குப் பின்னால் சைக்கிள் சத்தம் கேட்டது. என் தோழன். சேட்டுப் போடாமல், செருப்பு இல்லாமல் உழக்கிக்கொண்டு வந்தான். என்னைத் தாண்டும்போது "அக்கா" என்றான். நான் ஓட்டத்தை விடாமல் அவன் பின்னால் ஓடினேன். போட்டி ரோட்டும் ஆஸ்பத்திரி ரோட்டும் அதுவரைக்கும் ஒன்றுதான்.

எங்கள் ஒழுங்கையைத் தாண்டி அரை மைல் போனபிறகு அவர்களைக் கண்டேன். கைக்கதிரையின் இரண்டு பக்கமும் நீளமான பனஞ்சிலாகைக் கம்பு கட்டி, முன்னுக்கும் பின்னுக்குமாக அண்ணையின் மனிசி, அம்மா, இரண்டு வயதானவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பத்து அடிக்கு ஒருதரம் இறக்கி வைத்தார்கள். என் தோழன் சைக்கிளைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றான். கரியர் ஒழுங்கை வேலிக்கரையிலேயே கிடந்தது. அக்காவைச் சைக்கிள் பாரில் இருத்தலாம் என்று முயன்றிருக்கிறார்கள், அவவால் நிமிர முடியவில்லை. சீலையின் கீழ்ப்பக்கம் நனைந்து கறுத்திருந்தது. அவவுடைய முகம் வெளிறியிருந்தது. கத்துவதை நிற்பாட்டியிருந்தா. குத்துப் போய்விட்டது என்று அம்மா சொன்னா. அது நல்லதுக்கு என்று அந்த நேரம் நாங்கள் நினைத்தோம்.

நான் அம்மாவின் கையிலிருந்த சிலாகையை வாங்கினேன். என் தோழனை முன்னுக்குப் போய் ஆஸ்பத்திரியில் சொல்லச் சொன்னேன். அவன் போனான். அவன் அந்தச் சைக்கிளை அதைவிட வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை.

பக்கத்து ஊர்ச் சந்திக்கு வரும்போது என் தோள் மூட்டு கழன்றுவிடும் போல இருந்தது. அவர்களுடைய ஓட்டக்காரன் எங்களைத் தாண்டிப் போய்விட்டான். சந்தியில் அவர்களுடைய கழகத்துப் பெடியள் வழக்கம்போல வாளித் தண்ணீரோடு நின்றார்கள். தூரத்தில் கண்டவுடன் ஒருவன் கத்தினான்.

"என்னடாப்பா, ஓடேலாமல் சாமி தூக்கிக்கொண்டு வாறியளோ?"

கிட்ட வந்ததும் அவன் கதிரையைப் பார்த்தான். வாளியைக் கீழே வைத்தான். "விடுங்கோ, விடுங்கோ" என்று சொல்லிக்கொண்டு வந்து சிலாகையின் கீழே தோளைக் கொடுத்தான். அவனுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். போன வருடம் மறித்த அதே பெடியள்தான். ஆள் மாறி ஆள், நிற்காமல், ஓட்டமும் நடையுமாக ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவர்கள்தான் கொண்டுபோனார்கள். நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஓடினேன். அக்காவின் கை கதிரைக் கையிலிருந்து நழுவ நழுவ, எடுத்து எடுத்து வைத்தேன்.

உள்ளே கொண்டுபோனபோது டாக்குத்தர் அம்மாவிடம், குத்து எப்போது தொடங்கியது என்று கேட்டார்.

"அவன் முதலாம் சுற்று போன கையோடை, ஐயா" என்றா அம்மா.

"என்ன சுற்று?"

அம்மா என்னைப் பார்த்தா. நான் நேரத்தைக் கணக்குப் பார்த்துச் சொன்னேன். அவர் திரும்பிப் போய்விட்டார். பழைய தையல் உள்ளுக்குள் விட்டுப்போய், பிள்ளைப்பையே கிழிந்துவிட்டதென்று பிறகு நேர்ஸ் மிஸி வந்து சொன்னா. இரத்தம் வேண்டும் என்றா. நான் கையை நீட்டினேன். பின்னால் வந்து சேர்ந்த நீச்சல் அண்ணையும் நீட்டினார். என் தோழனுக்கு அக்காவின் இரத்த வகையேதான், அவன் மிஸியைக் கையெடுத்துக் கும்பிட்டான். எங்கள் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மூன்று பேரும் எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்டா. விடியப்புறம் இருந்து நீந்தி, உழக்கி, ஓடி, உடம்பில் தண்ணீர் இல்லாமல் நின்ற மூன்று பேர் நாங்கள். எடுத்தால் நீங்களும் விழுவீர்கள், உங்களுக்கும் கட்டில் தேட என்னால் ஏலாது என்று சொல்லிவிட்டா. மாதக்கணக்காகப் பழகிப் பழகிச் சேர்த்த உடம்பு, அந்த நேரத்தில் ஒரு போத்தல் இரத்தத்துக்கும் உதவவில்லை. சந்தியில் நின்ற பெடியளில் மூன்று பேருடைய இரத்தம் பொருந்தியது. அவர்கள் கொடுத்தார்கள். வாளியோடு நின்று கத்தினவன்தான் முதலில் போய்ப் படுத்தான்.

விறாந்தையில் என் தோழன் நிலத்தில் குந்தியிருந்தான். நீச்சல் அண்ணை அவனுக்குப் பக்கத்தில் போய் இருந்தார். அவருடைய உடம்பில் எண்ணெயும் உப்பும் காய்ந்து வெள்ளையாகப் பொருக்கு விட்டிருந்தது. பிறகு அண்ணை மெதுவாகக் கேட்டார்: "என்ரை மனிசியெண்டு உனக்குத் தெரியேல்லையோ?"

"தெரிஞ்சது அண்ணை" என்றான் அவன். "அவவெண்டு தெரிஞ்சபடியால்தான் நில்லேல்லை. நீங்கள் பகிடிக்குச் செய்விக்கிறியள் எண்டு நினைச்சன்."

அண்ணை எழும்பி வெளியே போய், வாசலில் நின்ற வேப்பமரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார்.

அக்கா பிழைத்தா. பிள்ளை உயிரோடு வரவில்லை. பிள்ளைப்பையை எடுக்காமல் இரத்தத்தை நிற்பாட்ட முடியவில்லை என்று டாக்குத்தர் தானே வெளியில் வந்து அம்மாவிடம் சொன்னார். அவருடைய கையுறை ஓட்டையாகி, அதற்கு மேல் இன்னொன்று போட்டிருந்தது. அவரை நாங்கள் ஒரு குறையும் சொல்லேலாது. நாங்கள்தான் பிந்திப் போனோம்.

அடுத்த நாள் தலைவர் சைக்கிளைக் கழற்றினார். யார் வீட்டுப் பாகம் யாருக்கென்று அவரே கொண்டுபோய்ப் பூட்டிக்கொடுத்தார். என் தோழனின் கரியரைப் பூட்டும்போது அவர் கையிலிருந்து நட்டு மணலில் விழுந்ததைப் பார்த்தேன். அதை அவன் தேடி எடுத்துக் கொடுத்தான். எங்கள் யாரோடும் அவன் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நாங்கள் ஏதாவது சொல்லியிருக்கலாம். பிறகும் அவன் சைக்கிள் ஓடினான், ஓடாமல் சீவிக்க ஏலாது. ஆனால் ரோட்டில் யார் கையைத் தூக்கினாலும் இறங்கிவிடுவான். காகம் கலைக்கத் தூக்கின கைக்கும் இறங்கி, என்ன என்று கேட்பான்.

அத்தான் பத்து நாள் கழித்து வந்தார். கிளாலியில் படகுக்குக் காத்து நின்றாராம். சவர்க்காரம், நெருப்புப் பெட்டி, இரண்டு பேணி பால்மா கொண்டு வந்திருந்தார். அம்மா பால்மாவை வாங்கிக் குசினிக்குள் கொண்டுபோனா. அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தே அறிந்தார்.

கழகம் அதற்குப் பிறகு கூடவில்லை. மூடுகிறோம் என்று யாரும் சொல்லவில்லை, ஒருவரும் போகவில்லை, அவ்வளவுதான். அந்தப் போட்டிக்கு நாங்கள் கொடுத்தது ஒரு ஆண்பிள்ளை, நிறை ஆறரை இறாத்தல் என்று மிஸி சொன்னா. அதோடு, அவனுக்குப் பிறகு அக்காவுக்குப் பிறந்திருக்கவேண்டிய பிள்ளைகள் எல்லாரும்.